உள்ளே இழுக்கும்போதா, வெளியே விடும்போதா?

ஓடிவந்து நிற்கிற நாய் நாக்கைத் தொங்கப்போட்டு இரைப்பதைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. பயம் வருவது வேறு நேரத்தில். ஒரு வயதோ ஒன்றரை வயதோ ஆன நாய். வயிறு ஒட்டி, நெஞ்சு இறங்கி, கால் நீண்ட கரிசல்காட்டு நாய். உளுந்து எடுத்த தரிசில் ஆசைதீர ஓடிவிட்டு வீட்டுக்கு வந்து, தண்ணீர் குடித்து, வேப்பமர நிழலில் படுக்கிறது. கொஞ்ச நேரத்தில் சட்டென்று எழுந்து நிற்கிறது. கழுத்தை முன்னால் நீட்டி, முன்னங்கால்களை அகட்டி, கண் பிதுங்க, 'ஹ்ர்ங்க்... ஹ்ர்ங்க்... ஹ்ர்ங்க்' என்று மூக்கால் காற்றை உள்ளே உள்ளே இழுக்கிறது. வீடே கூடிவிடுகிறது. "எலும்பு சிக்கிருச்சு" என்கிறார் ஒருவர். "இல்ல, இளைப்பு வந்திருக்கு" என்கிறார் இன்னொருவர். அரை நிமிடம் போகிறது. நாய் ஒருமுறை எச்சிலை விழுங்குகிறது, உடம்பை உதறுகிறது, வாலை ஆட்டிக்கொண்டு மறுபடியும் ஓடப் போய்விடுகிறது.

கோவில்பட்டிக்கும் மணியாச்சிக்கும் நடுவில், ரயிலில் போகிறவர்கள் போளிக்காக நினைவில் வைத்திருக்கும் ஊர் கடம்பூர். அதைச் சுற்றிய கரிசல் கிராமங்களில் நாய் வளர்ப்பவர்கள் பலர் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். இதில் நோய் எதுவும் இல்லை. ஆனால் இதைப் போலவே காதில் விழும் வேறு சில சத்தங்கள் ஆபத்தானவை. அவற்றில் ஒன்று நாயோடு சேர்த்து வளர்ப்பவரையும் கொல்லக்கூடியது. எந்தச் சத்தம் எதைச் சொல்கிறது என்று பிரித்தறிய முதலில் சாதாரண இரைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். நாய் செய்கிற வேலைகளிலேயே மிகவும் நுட்பமானது அதுதான் என்பது என் எண்ணம்.

நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கிறது. நாய்க்குப் பாதத்தின் அடியில் மட்டுமே கொஞ்சம் வியர்க்கும். அதனால் உடம்பு குளிராது. நாயின் உடல்வெப்பம் இயல்பிலேயே 38 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேல். ஓடும்போது தசைகள் உண்டாக்கும் வெப்பம் முழுவதையும் அது மூக்கு, வாய், நாக்கு ஆகியவற்றின் ஈரத்தை ஆவியாக்கித்தான் வெளியேற்றியாக வேண்டும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அதற்குக் காற்று வேகமாக வந்து போக வேண்டும். ஓய்வில் நிமிடத்துக்கு 10 முதல் 30 வரை மூச்சு விடும் நாய், இரைக்கும்போது 300ஐத் தாண்டிவிடுகிறது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நிமிடத்துக்கு 300 முறை நெஞ்சை விரித்துச் சுருக்குவது கடும் உழைப்பு. உழைப்பு என்றால் மேலும் வெப்பம். குளிர்விக்கப் போய் அதுவே சூடேற்றிவிடக் கூடாதே? 1962இல் இ. சி. கிராஃபோர்டு என்ற உடலியல் ஆய்வாளர் இதற்கு விடை கண்டார். விலா எலும்புகள், நுரையீரல், உதரவிதானம் எல்லாம் சேர்ந்த நாயின் மூச்சு அமைப்புக்குத் தன்னியல்பான ஓர் அதிர்வு வேகம் உண்டு. அது நிமிடத்துக்குச் சுமார் 320. நாய் இரைக்கும் வேகமும் அதேதான். ஊஞ்சல் தானாகத் திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் விரல் நுனியே போதும், நேரம் தவறித் தள்ளினால் தோள் வலிக்கும். நாய் எப்போதும் நேரம் பார்த்தே தள்ளுகிறது. அதனால்தான் இரைப்பு மெல்ல மெல்லக் கூடுவதில்லை. சாதாரண மூச்சிலிருந்து ஒரே தாவலாக அந்த வேகத்துக்குப் போகிறது, அடங்கும்போதும் அப்படியே அடங்குகிறது. அடுத்த முறை உங்கள் நாய் வெயிலில் படுத்திருக்கையில் கவனித்துப் பாருங்கள்: சில நொடி இரைக்கும், சட்டென வாயை மூடும், மறுபடி இரைக்கும். நடுவேகம் என்று ஒன்று அதற்குக் கிடையாது.

1970இல் ட்யூக் பல்கலைக்கழகத்தில் க்னூட் ஷ்மிட்-நீல்சனும் சக ஆய்வாளர்களும் இன்னொன்றைக் காட்டினார்கள். வாய் திறந்திருப்பதால் நாய் வாயால் மூச்சு விடுகிறது என்று நாம் நினைக்கிறோம். ஆனால் காற்றில் பெரும்பகுதி மூக்கு வழியாக உள்ளே போகிறது, வாய் வழியாக வெளியே வருகிறது. ஒருவழிப் பாதை. இதற்குக் காரணம் உண்டு. உள்ளே போன சூடான ஈரக்காற்று மூக்கு வழியாகவே திரும்பினால், போகும்போது எடுத்த வெப்பத்தையும் ஈரத்தையும் மூக்கின் குளிர்ந்த சவ்விலேயே விட்டுவிட்டுப் போகும். செய்த வேலை வீண். வாய் வழியாக வெளியேற்றினால் வெப்பம் உடம்பை விட்டே போய்விடும்.

அப்படியானால் மூக்கு காய்ந்துபோகாதா? அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. நாயின் மூக்குக்குள் பக்கவாட்டில், பக்கத்துக்கு ஒன்றாக, இரண்டு சுரப்பிகள் உண்டு. 1972இல் பிளாட், டெய்லர், ஹபால் ஆகிய மூவரும் வெப்பம் ஏற ஏற இந்தச் சுரப்பிகள் நீரைக் கொட்டுவதை அளந்து காட்டினார்கள். இரைப்பினால் கூடுதலாக ஆவியாகும் நீரில் 19 முதல் 36 சதவீதம் வரை இந்த இரண்டு சுரப்பிகளும் சேர்ந்து கொடுத்துவிட முடியும். நாயின் மூக்கு நுனி ஈரமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஐந்து ஆண்டு கழித்து பேக்கரும் சாப்மனும் ஓடும் நாய்களின் மூளை வெப்பத்தை அளந்தார்கள். உடம்பு கொதித்துக்கொண்டிருக்கையிலும், மூளைக்குப் போகும் ரத்தத்தைவிட மூளை ஒரு டிகிரிக்கும் மேல் குளிர்ந்திருந்தது. மூக்கில் குளிர்ந்த ரத்தம் திரும்பி வரும் வழியில், மூளைக்கு ஏறும் ரத்தத்தின் சூட்டை வாங்கிக்கொள்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டுச் சிப்பிப்பாறை நாயின் முகத்தைப் பார்த்தால் அந்த நீண்ட மூக்கின் பொருள் விளங்கும். விருதுநகர் மாவட்டத்துச் சிப்பிப்பாறை கிராமத்தின் பெயரைத் தாங்கிய அந்த இனமும், கோவில்பட்டி, கழுகுமலை வட்டாரத்தில் பேணப்படும் கன்னி நாய்களும், சற்று மேற்கே ராஜபாளையம் நாயும் வேகத்துக்கும் வெயிலுக்கும் வளர்ந்தவை. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள நிறுவனம் முதன்முதலில் பதிவு செய்த நாயினங்களில் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இருக்கின்றன. ஒரு காலத்தில் இவை முயல் விரட்டப் பயன்பட்டன. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டத்துக்குப் பிறகு அது குற்றம், இருக்க வேண்டியதும் அப்படித்தான். ஆனால் அந்த உடம்பு மாறவில்லை. நீண்ட மூக்கு என்றால் உள்ளே சுருள் சுருளான மெல்லிய எலும்புகளுக்கும் அவற்றின்மேல் ஈரச்சவ்வுக்கும் நிறைய இடம் என்று பொருள்.

கரிசலின் வறண்ட காற்றும் இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துழைக்கிறது. காற்றில் ஈரம் குறைவாக இருந்தால் ஆவியாதல் வேகமாக நடக்கும். சித்திரை வெயிலில் கடம்பூரில் தாக்குப்பிடிக்கிற நாய், அதைவிட இரண்டு டிகிரி குறைந்த வெயிலில் தூத்துக்குடிக் கடற்கரையிலோ சென்னையிலோ திணறலாம். நாயைக் கடலோர ஊருக்கு அனுப்புகிறவர்கள் வெயிலின் அளவை மட்டும் பார்த்துவிட்டு ஈரப்பதத்தை மறந்துவிடுகிறார்கள்.

ஆக, நல்ல இரைப்பின் சத்தம் எப்படி இருக்கும்? சீராக இருக்கும், காற்று போய்வரும் ஓசை மட்டும் கேட்கும். கரகரப்பு இராது, விசில் இராது, தொண்டை அடைபடும் ஒலி இராது. நிழலில் தண்ணீரோடு விட்டால் சில நிமிடங்களில் குறையத் தொடங்கும்.

இனி சத்தத்துக்கு வருவோம். அகலமான குழாயில் காற்று அடுக்கடுக்காக ஓசையின்றிப் போகும். குழாய் ஓரிடத்தில் குறுகினால் அங்கே காற்று வேகம் பிடித்துச் சுழலத் தொடங்கும், சுவர்கள் அதிரும், சத்தம் பிறக்கும். குறுகல் சிறிதாக இருந்தாலும் விளைவு பெரிது. பிரெஞ்சு மருத்துவர் புவாசேய் 19ஆம் நூற்றாண்டில் கண்ட விதிப்படி, குழாயின் ஆரம் பாதியானால் அதற்குள் ஓடுவதற்கான தடை 16 மடங்காகும். மூக்குச்சவ்வு கொஞ்சம் வீங்கினாலே நாய் ஏன் அவ்வளவு திணறுகிறது என்பதற்கு இந்தக் கணக்கே விடை.

குறுகல் எங்கே இருக்கிறது என்பதையும் சத்தம் சொல்லிவிடும். அதற்கான திறவுகோல் மிக எளிது. மூச்சை உள்ளே இழுக்கும்போது குழாய்களுக்குள் அழுத்தம் குறைகிறது. அந்த நேரத்தில் நெஞ்சுக்கூட்டுக்கு வெளியே இருக்கிற பகுதிகள், அதாவது மூக்கு, தொண்டை, குரல்வளை, கழுத்தில் ஓடும் மூச்சுக்குழாய், எல்லாம் உள்நோக்கி ஒடுங்கப் பார்க்கும். ஏற்கெனவே அங்கே அடைப்பு இருந்தால் அது கூடும். நெஞ்சுக்கூட்டுக்குள் நிலைமை தலைகீழ். நெஞ்சு விரியும்போது உள்ளே இருக்கும் குழாய்களும் இழுபட்டு விரிகின்றன. மூச்சை வெளியே விடும்போதுதான் அவை நெருக்கப்படுகின்றன. ஆகவே உள்மூச்சில் கேட்கும் சத்தம் கழுத்திலோ அதற்கு மேலோ உள்ள கோளாறைக் காட்டும்; வெளிமூச்சில் கேட்கும் சத்தம் நெஞ்சுக்குள் இருக்கும் கோளாறைக் காட்டும். இரண்டிலும் கேட்டால் அடைப்பு அசையாமல் நிலையாக இருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். மாட்டாஸ்பத்திரியில் அனுபவப்பட்ட மருத்துவர் குழாயைக் காதில் மாட்டுவதற்கு முன்பே, "உள்ள இழுக்கும்போது வருதா, வெளிய விடும்போது வருதாய்யா?" என்று கேட்பது இதனால்தான். 1816இல் லெனெக் கண்டுபிடித்த அந்தக் குழாய் நுரையீரலுக்குள் நடப்பதைக் கேட்க உதவுகிறது. மூக்கிலும் தொண்டையிலும் பிறக்கும் சத்தத்துக்கு வெறும் காதே போதும்.

சுருதியும் துணைக்கு வரும். குறட்டைபோல் தாழ்ந்த கொரகொரப்பு, மெத்தென்ற பகுதிகள் அதிர்வதால் வருவது. மூக்கின் பின்புறமோ அண்ணத்தின் பின்பகுதியோ காரணமாக இருக்கலாம். உள்மூச்சில் கீச்சென்று உயர்ந்த ஒலி வந்தால் குரல்வளையில் இறுக்கம். இளம் நாயில் இது அரிது, ஆனால் சில இனங்களில் குரல்வளை நரம்பு பிறவியிலேயே சரியாக வேலை செய்யாமல் குட்டிப் பருவத்திலேயே இந்த ஒலி தொடங்கும், குரைப்பும் கம்மிப்போகும். வெளிமூச்சில் விசில் கேட்டால் நுரையீரலின் சிறு குழாய்களைப் பார்க்க வேண்டும்.

தொடக்கத்தில் சொன்ன 'ஹ்ர்ங்க்' உள்மூச்சுச் சத்தம். கால்நடை மருத்துவர்கள் அதைத் தலைகீழ்த் தும்மல் என்பார்கள். மூக்கின் முன்பகுதியில் தூசி பட்டால் தும்மி வெளியே தள்ளலாம். மூச்சுக்குழாயில் பட்டால் இருமித் தள்ளலாம். இரண்டுக்கும் நடுவில், மூக்குத் துளைகள் தொண்டையோடு சேரும் இடத்தில், அண்ணத்துக்கு மேலே ஒரு துகள் ஒட்டிக்கொண்டால் தும்மலும் இருமலும் உதவா. பலமாக உள்ளிழுத்து அதைப் பின்னால் தொண்டைக்குக் கொண்டுவந்து விழுங்கிவிடுவதே வழி. 1950களில் அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் உடலியலாளர்கள் பூனைகளில் இந்த அனிச்சைச் செயலை விவரித்தார்கள். நாயின் முரட்டு உறிஞ்சலும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். கரிசல் புழுதி, எலிவளைக்குள் முகத்தைப் புதைத்து மோந்தது, வேகமாகத் தண்ணீர் குடித்தது, கழுத்துக் கயிற்றை இழுத்தது, மகிழ்ச்சியில் துள்ளியது என எதுவும் தூண்டிவிடலாம். தொண்டையை மெதுவாக நீவிவிட்டால் நாய் விழுங்கும். விழுங்கினால் பெரும்பாலும் அடங்கும். நாளுக்கு நாள் அதிகமாகிக்கொண்டே போனாலோ, மூக்கிலிருந்து சளியோ ரத்தமோ கூடவே வந்தாலோ வேறு காரணம் தேட வேண்டும்.

அந்தக் காரணம் பல நேரம் புல். கரிசல்காட்டில் நடந்தவர்களுக்கு ஊசிப்புல்லைத் தெரியும். வேட்டியிலும் சேலையிலும் குத்திக்கொண்டு வீடுவரை வரும். அதன் விதைக்கு முன்னால் கூரான முனை, பின்னால் நீண்ட வால். வால் ஈரம்பட்டால் முறுக்கவிழும், காய்ந்தால் மறுபடி முறுக்கிக்கொள்ளும். அந்தச் சுழற்சியில் விதை மண்ணைத் துளைத்துக்கொண்டு இறங்குகிறது. மேலே உள்ள மயிர்கள் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் முன்னால் மட்டுமே நகரும், பின்வாங்காது. விதை முளைப்பதற்கென்று அமைந்த இந்த அருமையான கருவி நாயின் மூக்குக்குள் போனாலும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஓடிக்கொண்டிருந்த நாய் திடீரென விடாமல் தும்முகிறது, ஒரு பக்க மூக்கைக் காலால் தேய்க்கிறது, அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் ஒரு சொட்டு ரத்தம் வருகிறது என்றால் முதலில் இதைத்தான் நினைக்க வேண்டும். இரண்டு நாளில் தும்மல் குறைந்துவிட்டால் வளர்ப்பவர் நிம்மதி அடைகிறார். குறைந்ததற்குக் காரணம் புல் வெளியே வந்தது என்று இருக்கலாம்; இன்னும் உள்ளே போய்விட்டது என்றும் இருக்கலாம்.

வாயைத் திறந்து இரைத்தபடி புல்லுக்குள் பாயும் வேட்டை நாய்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. புல்முனை மூச்சுக்குழாய் வழியே நேராக நுரையீரலுக்குப் போய்விடும். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் கால்நடை மருத்துவர்களுக்கு இது பழகிய தொல்லை. அங்கே நரிவால் புல் என்கிற வகை. அறிகுறிகள் குழப்பும். சில நாள் இருமல், பிறகு காய்ச்சல், ஆன்ட்டிபயாட்டிக் கொடுத்தால் குணம், நிறுத்திய சில வாரத்தில் மறுபடி காய்ச்சல். எக்ஸ்ரேயில் புல் தெரியாது. நுரையீரலின் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் நிமோனியா தெரியும். ஓடியாடும் இளம் நாய்க்கு ஒரே இடத்தில் இரண்டாம் முறை நிமோனியா வந்தால் உள்நோக்கிக் குழாய் (எண்டோஸ்கோப்) விட்டுப் பார்க்கும்படி கேளுங்கள். கம்மஞ்சொங்கும் சோள உமியும் பறக்கிற களத்துமேட்டில் நாயைக் கட்டி வைப்பதையும் நான் தவிர்ப்பேன்.

மூக்குச் சத்தத்துக்குக் காரணமான ஓர் உயிரியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் பழக்கத்தோடு தொடர்புடையது. லிங்குவாட்டுலா செர்ராட்டா என்ற ஒட்டுண்ணி நாயின் மூக்குக்குள் குடியிருக்கும். நாக்கு வடிவில் தட்டையாக இருக்கும். பெண் 8 முதல் 13 சென்டிமீட்டர் வரை வளரும், ஆண் 2 சென்டிமீட்டர்தான். அதன் முட்டைகள் நாயின் தும்மலோடு புல்லில் விழும். ஆடுமாடு அந்தப் புல்லை மேயும். அவற்றின் குடலை ஒட்டிய நெறிக்கட்டிகளில் இளம்புழு காத்திருக்கும். கோயில் கொடை முடிந்த மறுநாள் வெட்டிய கிடாயின் குடலைப் பச்சையாக நாய்க்குப் போட்டால் சுற்று முழுமையடைகிறது. சில வாரம் கழித்து நாய் தும்மும், மூக்கு கொரகொரக்கும், சில சமயம் ரத்தம் வரும். குடலை நன்றாக வேகவைத்துப் போட்டால் இந்தச் சுற்று அறுந்துவிடும். செலவில்லாத மருத்துவம். முட்டை மனிதர் வயிற்றுக்குள்ளும் போகலாம் என்பதால் இது நாயின் நலத்தோடு நிற்கும் செய்தி இல்லை.

மூக்குச் சத்தத்திலிருந்து நோயைக் கண்டுபிடித்த பெருமை தமிழ்நாட்டுக்கு உண்டு. மாடுகளில் மூக்கடைத்துக் குறட்டை விடும் நோய் ஒன்று பழைய சென்னை மாகாணத்தில் இருந்தது. காரணம் தெரியாமல் மாடுகள் மெலிந்தன. 1930களின் தொடக்கத்தில் எம். அனந்தநாராயண ராவ் என்ற ஆய்வாளர், அந்த மாடுகளின் மூக்கு ரத்தக்குழாய்களில் வாழும் ஒரு புழுதான் காரணம் என்று விவரித்தார். நீர் நத்தை வழியாகப் பரவுகிற புழு அது. நாயின் நோய் இல்லை என்றாலும், "மாடு குறட்டை விடுவது இயற்கைதானே" என்று விட்டுவிடாமல் ஒருவர் அந்தச் சத்தத்தின் மூலத்தைத் தேடிப் போனதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இருமல் கதை வேறு. 'கொக்... கொக்...' என்று வறண்ட, உரத்த இருமல், கடைசியில் ஓங்கரித்துக் கொஞ்சம் நுரை கக்குவது, மற்றபடி நாய் சாப்பிடுகிறது, விளையாடுகிறது என்றால் பெரும்பாலும் தொற்று மூச்சுக்குழல் அழற்சி. போர்டெட்டெல்லா என்ற பாக்டீரியாவும் சில வைரஸ்களும் சேர்ந்து செய்வது. நாய்க் கண்காட்சிக்கோ, பல நாய்கள் கூடும் இடத்துக்கோ போய்வந்த ஓரிரு வாரத்துக்குள் தொடங்கும். பெரும்பாலும் தானே குணமாகும். ஆனால் தடுப்பூசி போடாத குட்டிக்கு இருமலோடு கண்ணிலும் மூக்கிலும் பீளை, காய்ச்சல், கழிச்சல் வந்தால் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயோ என்று சந்தேகித்து அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இப்போது அந்த ஒரு சத்தம். நாயின் குரல் மாறுகிறது. குரைப்பு கரகரத்து, நீண்டு, ஊளையில் முடிகிறது. அல்லது குரலே எழும்பவில்லை. கீழ்த்தாடை தொங்குகிறது. எச்சில் ஒழுகுகிறது. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, விழுங்க முடியவில்லை. தொண்டையில் களகளவென்று சத்தம். பார்ப்பவர் எவருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான்: எலும்பு சிக்கியிருக்கிறது. பாசத்தோடு வளர்த்த நாய், வலியில் இருக்கிறது, எடுத்துவிடலாம் என்று கையை வாய்க்குள் விடுகிறார். அது ரேபிஸாக இருந்தால், குரல்வளைத் தசையும் விழுங்கும் தசையும் தாடையும் செயலிழந்ததால் வந்த அறிகுறிகள் அவை. கடிக்கக்கூடச் செய்யாத, அமைதியான வகை ரேபிஸ் உண்டு. வெறி பிடித்து ஓடினால்தான் வெறிநோய் என்று நம்புகிற ஊரில் அது இன்னும் கொடியது. எச்சில் முழுக்க வைரஸ். விரலில் உளுந்தஞ்செடி கீறிய கீறல் ஒன்று இருந்தாலே போதும்.

குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907இல் தொடங்கியது. நூறு ஆண்டுக்கு மேலாகத் தடுப்பூசி செய்யத் தெரிந்த மாநிலத்தில், நோய் வெளிப்பட்டுவிட்டால் மட்டும் இன்றும் காப்பாற்ற வழியில்லை. எனவே வெறும் கையை நாயின் வாய்க்குள் விடாதீர்கள். உங்கள் நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும், எலும்பு தின்றதைக் கண்ணால் பார்த்திருந்தாலும், விடாதீர்கள். நாயைத் தனியே அடைத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். எச்சில் பட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே ஊசி இலவசம். குட்டிக்கு மூன்று மாதத்தில் ரேபிஸ் தடுப்பூசி போட்டு ஆண்டுதோறும் புதுப்பித்தால் இந்தப் பத்தி உங்களுக்குத் தேவைப்படாமலே போகும்.

ஒரு சத்தத்தை நோய் என்றே நினைக்காமல் வளர்ப்பதும் நடக்கிறது. 2003இல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னால் ஓடிவந்த பக் நாயைப் பார்த்துவிட்டு இந்தியா முழுக்க அந்த இனத்தை வாங்கினார்கள். இன்று சிறு நகரங்களின் மாடிவீடுகளிலும் பக் இருக்கிறது. அதன் மூக்கு அழுந்திப்போனது. ஆனால் மூக்குக்குள் இருக்க வேண்டிய சவ்வும் அண்ணமும் அதே விகிதத்தில் குறையவில்லை. குறுகிய இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு, ஒவ்வொரு மூச்சிலும் அதிர்கின்றன. லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரியில் 2012இல் வெளியான ஆய்வு ஒன்றில், மூச்சுத்தடை உறுதியான நாய்களின் சொந்தக்காரர்களில் 58 சதவீதம் பேர் தங்கள் நாய்க்கு மூச்சுப் பிரச்சினை எதுவும் இல்லை என்றார்கள். இந்த இனம் இப்படித்தான் குறட்டை விடும் என்பது அவர்கள் எண்ணம். நெதர்லாந்து 2019 முதல், மூக்கின் நீளம் மண்டையோட்டு நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த நாய்களை இனப்பெருக்கம் செய்யத் தடையை நடைமுறைப்படுத்துகிறது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன். மேலே சொன்ன ஒருவழிக் காற்றுப்பாதையும் பக்கவாட்டுச் சுரப்பியும் குளிரும் மூளையும் அந்தத் தட்டை முகத்தில் எந்த அளவுக்கு வேலை செய்யும்? வேலைசெய்ய இடமே இல்லை. சிப்பிப்பாறையும் கன்னியும் பிறந்த மண்ணில், சித்திரை மாதத்தில், அந்த நாயைப் பார்க்கும்போது எனக்கு வருத்தம் வருகிறது. வைத்திருப்பவர்கள் கைவிட வேண்டாம். எடை கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பகலில் வெளியே கொண்டுபோகாதீர்கள், மூக்குத்துளையை அகலப்படுத்தும் அறுவை சிகிச்சை பற்றி இளம் வயதிலேயே மருத்துவரிடம் கேளுங்கள்.

நீண்ட மூக்கு நாயும் வெப்பத்துக்குத் தோற்கும். தண்ணீர் இல்லாமல் நண்பகலில் ஓடவிட்டால், மூடிய காரில் விட்டால், தகரக் கொட்டகையில் கட்டினால் உடல்வெப்பம் 41 டிகிரியைத் தாண்டிவிடும். அப்போது இரைப்பின் ஓசை மாறும்: சீர் போய்விடும், கரகரக்கும், எச்சில் பிசினாகும். ஓயாத இரைப்பால் தொண்டைச் சவ்வு வீங்கிப் பாதை மேலும் குறுகுகிறது. நாய் தள்ளாடும். இந்நேரத்தில் வண்டி தேடி ஓடுவதற்கு முன் பம்புசெட்டுத் தண்ணீரையோ குடத்துத் தண்ணீரையோ உடம்பு முழுக்க ஊற்றி, விசிறிக் காற்று படவைத்துக் குளிர்வியுங்கள். போகும் வழியிலும் ஈரம் காயாமல் ஊற்றிக்கொண்டே போங்கள்.

மற்ற நாட்களில் அவசரமில்லை, கவனம் வேண்டும். நாய் ஆழ்ந்து தூங்கும்போது விலா எழுந்து தாழ்வதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். அது நாள் தவறாமல் 30ஐத் தாண்டினால் இதயத்தையோ நுரையீரலையோ பார்க்க வேண்டும். சத்தம் வரும்போது ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பு நல்லது, நீலமோ வெளுப்போ ஆபத்து. நம் நாட்டு நாய்கள் பலவற்றுக்கு ஈறே கறுப்பாக இருக்கும். அவற்றுக்குக் கீழ் இமையை இழுத்து உட்பக்கத்தைப் பாருங்கள். கண்ணாடிச் சில்லை மூக்குக்கு எதிரே பிடித்தால் இரண்டு துளைகளுக்கும் தனித்தனியே ஆவி படியும்; ஒரு பக்கம் படியவில்லை என்றால் அடைப்பு அந்தப் பக்கம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சத்தம் வரும்போது கைப்பேசியில் வீடியோ எடுங்கள். மாட்டாஸ்பத்திரி மேசையில் ஏறிய நாய் பயத்தில் இரைக்கும். வீட்டில் வந்த சத்தம் அங்கே வராது. நாயைப் பக்கவாட்டில் நிற்கவைத்து, முகமும் விலாவும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்தால், சத்தம் எந்த மூச்சில் வருகிறது என்பதை மருத்துவர் தானே பார்த்துக்கொள்வார். கடம்பூர்ப் பக்கத்திலிருந்து உள்நோக்கிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேரும்படி விடியற்காலையில் கிளம்புங்கள். மயக்க மருந்து கொடுக்க நேரலாம் என்பதால் முந்தின இரவிலிருந்து சோறு வைக்கலாமா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள், தண்ணீரை மட்டும் எடுத்து மறைக்காதீர்கள்.